மங்கு களிம்பும் ஹோம்ஸ்பர்க் ஜெயிலும்

முகத்தில் மங்கு என்று போனால் டாக்டர் ஒரு களிம்பு எழுதித் தருவார். ஹைட்ரோகுவினோன், ட்ரெடினோயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. (இதையே சிவப்பழகு க்ரீம் என்று நினைத்து, சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் பூசி முகத்தைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் தனிக் கதை.) 1975இல் இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். பருவுக்கு ட்ரெடினோயினைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். காளானை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி, அப்புறம் மருத்துவம் படித்தவர். மூளைக்காரர், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அவரை முன்னோடி என்று கொண்டாடுகிறவர்கள் ஹோம்ஸ்பர்க் ஜெயிலை ஒரே வரியில் தாண்டிப் போவதுதான் எனக்கு எரிச்சல்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் இருந்த சிறை அது. கைதிகளுக்குச் சேற்றுப்புண் பரவுகிறது, வந்து பாருங்கள் என்று 1951இல் கிளிக்மனைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர் கண்ணுக்கு ஏக்கர் கணக்கில் தோல்தான் தெரிந்ததாம். வளமான வயலை முதன்முதலாகப் பார்க்கும் விவசாயி போல இருந்தது என்று பின்னால் அவரே ஒரு நிருபரிடம் சொன்னார். 1974 வரை அங்கே சோதனைகள் நடந்தன. முதுகில் கட்டம் கட்டமாகப் பட்டி ஒட்டி, ஷாம்பு, டியோடரன்ட் என்று கம்பெனிகள் அனுப்பியதையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். டவ் கெமிக்கல் கம்பெனி கொடுத்த டயாக்சின் என்ற நச்சு ரசாயனத்தை 10 பேர் தோலில், கம்பெனி சொன்ன அளவைப் போல 468 மடங்கு தடவியிருக்கிறார். சோதனைக்கு ஆளான கைதிகள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். ஜாமீனுக்குக் காசில்லாமல் உள்ளே கிடந்தவர்களும் உண்டு.

கையெழுத்துப் போட்டுத்தானே வந்தார்கள் என்பார்கள். சிறை வேலைக்குக் கிடைப்பது சில்லறை, இதற்கு டாலர். என்னென்ன பூசுகிறார்கள் என்று பலருக்குத் தெரியவும் தெரியாது. இதற்குப் பேர் சம்மதமா?

அந்தக் காலத்தில் அப்படித்தான் என்பது இன்னொரு சமாதானம். நாஜி மருத்துவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பு 1947இலேயே வந்துவிட்டது. சோதனைக்கு ஆளாகிறவரின் மனமொப்பிய சம்மதம் கட்டாயம் என்பதுதான் அதிலுள்ள நெறிகளில் முதலாவது. கிளிக்மனே யூதக் குடும்பத்துப் பிள்ளை. தெரியாது என்று எப்படிச் சொல்வது?

2000இல் முன்னாள் கைதிகள் ஏறக்குறைய 300 பேர் வழக்குப் போட்டார்கள். காலக்கெடு தாண்டிவிட்டது என்று தள்ளுபடியானது. யாருக்கும் நீண்டகாலக் கெடுதல் வந்ததாகத் தனக்குத் தெரியாது என்று சொல்லிவந்த கிளிக்மன், 2010இல் 93 வயதில் இறந்தார். அவர் வேலை பார்த்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2021இல் மன்னிப்புக் கேட்டது, பிலடெல்பியா நகரம் 2022இல். நஷ்டஈடு பற்றி இரண்டு இடத்திலும் பேச்சில்லை.