நீ எந்தக் கட்சி என்று கேட்பவர்களுக்கு

அரசியல் எழுதும் பத்திரிகையாளர் யாராக இருந்தாலும் "நீ எந்தக் கட்சி?" என்று மடக்குவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. அப்படிக் கேட்பவர்களுக்கு ஜி. சுப்பிரமணிய ஐயரின் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

1878-இல் முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியானபோது வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகள் முகம் சுளித்தன. சுடச்சுடப் பதில் கொடுக்க பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இருவரும் நான்கு சட்ட மாணவர்களும் சேர்ந்து, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சடித்தார்கள். அதுதான் 'தி இந்து' ஆங்கிலப் பத்திரிகை. அந்த ஆசிரியர்களில் ஒருவரான சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23.

1885-இல் பம்பாயில் முதல் காங்கிரஸ் கூடியது. இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ராயல் கமிஷன், அதாவது பிரிட்டிஷ் அரசின் விசாரணைக் குழு, வேண்டும் என்ற முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இந்தப் பத்திரிகாசிரியர்தான். இன்று ஒருவர் இப்படிச் செய்தால் பிழிந்து காயப்போட்டுவிடுவோம். எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது வாசகனுக்குத் தெரியும். தெரிந்தேதான் காசு கொடுத்து வாங்கினான். நடுநிலைப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஒரு தரப்புக்கு வேலை பார்ப்பவர்கள் மீதுதான் எனக்கு எரிச்சல்.

விதவை மறுமணத்தை ஆதரித்து எழுதியவர்கள் அன்றும் இருந்தார்கள். எழுதுவதற்கு என்ன, மை இருந்தால் போதும். இவர் சிறு வயதிலேயே கணவனை இழந்த தன் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்துவைத்தார். அதற்கும் பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. உறவும் சாதிசனமும் ஒதுக்கிவைத்தன. மனிதர் அசையவில்லை.

1898-இல் இந்துவை விட்டு விலகினார். பத்திரிகை கூட்டாளி வீரராகவாச்சாரியார் கைக்குப் போனது. பலரும் அவர் கதையை இத்தோடு முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கதையே இங்கேதான் சூடுபிடிக்கிறது. 1882-லேயே தமிழ் வார இதழாகத் தொடங்கியிருந்த சுதேசமித்திரனை 1899-இல் நாளிதழாக்கினார். ஆங்கிலத் தலையங்கத்தைக் கலெக்டர் படிப்பார், வக்கீல் படிப்பார். தமிழில் வந்தால் ஒருவர் உரக்க வாசிக்க, எழுத்தறியாத நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கலாம். அரசாங்கத்துக்கு எது அதிகம் உறுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1904-இல் பாரதியை உதவி ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டவரும் இவர்தான். பாரதியின் வேகத்துக்கு அந்த இடம் போதவில்லை. 1906-இல் 'இந்தியா' வார இதழுக்குப் போய்விட்டார். பாரதியின் பெயரை ஒட்டியே சுப்பிரமணிய ஐயரை நினைவுகூர்வது நம் சோம்பேறித்தனம்.

பாரதிக்கு மிதவாதியாகத் தெரிந்த இந்த மனிதரைத்தான் 1908-இல் அரசாங்கம் ராஜதுரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தது. உடல்நிலை மோசமாக இருந்ததால் உறுதிமொழி எழுதிக் கொடுத்து வெளியே வந்தார். எட்டு ஆண்டுகளில் காலமானார். அந்த உறுதிமொழியைக் காட்டி அவரைக் கோழை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். முப்பது ஆண்டு தலையங்கங்களைத் தள்ளிவிட்டு, ஐம்பது தாண்டிய ஒரு நோயாளியின் ஒற்றைக் கையெழுத்தை வைத்துத் தீர்ப்பு எழுதும் கூட்டத்தில் நான் சேர மாட்டேன்.