அயாக்ஸுக்கு முன்னாடியே ஃபெயனூர்ட்
டச்சு கால்பந்தைப் பற்றி வந்த ஒரு கட்டுரையைப் படித்தேன்; ஆம்ஸ்டர்டாம் கிளப் அயாக்ஸ், அதன் நட்சத்திர வீரர் க்ரைஃப் என்று அங்கேயே நின்றுவிட்டது. ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) முதலில் நெதர்லாந்துக்குக் கொண்டுவந்தது ராட்டர்டாம் நகரத்து கிளப் ஃபெயனூர்ட் ஐயா! 1970 மே மாதம், மிலன் சான் சீரோ மைதானத்தில் இறுதிப்போட்டி, ஸ்காட்லாந்து அணி செல்டிக் முதல் கோல் போட்ட கையோடு ஃபெயனூர்டின் ரீனஸ் இஸ்ராயல் தலையால் முட்டிச் சமன் செய்ய, கூடுதல் நேரமும் முடியப்போகிற சமயத்தில் ஸ்வீடன்காரர் கிண்ட்வால் அடித்ததுதான் வெற்றி கோல், 2-1. பயிற்சியாளர் ஹாப்பல் ஆஸ்திரியர். அப்புறம் அதே ஆண்டு, ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் மோதிய கண்டங்களுக்கு இடையிலான கோப்பையும் கிடைத்தது. அதில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டே ஆடிய வான் டாலே கோல் அடித்த கடுப்பில், எதிரணியான அர்ஜென்டினாவின் எஸ்டுடியாண்டஸ் வீரர் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி உடைத்தே விட்டார். சரி, அயாக்ஸ் 1971 முதல் மூன்று முறை தொடர்ந்து வென்றது பெரிய விஷயம்தான், அதற்காக ஃபெயனூர்டுக்கு ஒரு வரிகூடவா இல்லை?