ஐவரைத் தேர்ந்தெடுத்தோம், நால்வரோடு விட்டுவிட்டார்கள்

2023 ஜூலை 17ஆம் தேதி சிங்கப்பூர் நாடாளுமன்ற நாயகரும் (சபாநாயகர்) தெம்பனிஸ் தொகுதி உறுப்பினர் ஒருவரும் தகாத உறவு காரணமாகப் பதவி விலகிய செய்தி வந்தபோது, காப்பிக் கடையில் என்னோடு அமர்ந்திருந்தவர்களெல்லாம் அது எப்போது தொடங்கியது என்று துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வீட்டு விவகாரம் எனக்கு வேண்டாம். பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதி எங்கள் மரின் பரேட்; நாயகர் அதன் ஐவரில் ஒருவர் என்பதால், இடைத்தேர்தல் எப்போது என்பது மட்டுமே என் கேள்வி.

கிடையவே கிடையாதாம்! குழுத்தொகுதியில் அத்தனை உறுப்பினர்களும் விலகினால்தான் இடைத்தேர்தல் என்கிறது சட்டம். இதே போன்ற விவகாரத்தால் 2012 டிசம்பர் 12ஆம் தேதி அன்றைய நாயகர் பதவி விலகியபோது, ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் அவருடைய பொங்கோல் ஈஸ்ட் தனித்தொகுதி மக்கள் 45ஆம் நாளே வாக்களித்து, இடத்தை எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்குக் கொடுத்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஹவ்காங் தனித்தொகுதி உறுப்பினரை அவரது கட்சியே நீக்கியபோது, இடைத்தேர்தலுக்கு நாள் குறிக்காமல் இழுக்கிறார்களே என்று அத்தொகுதியின் துப்புரவுப் பணியாளரான தமிழ்ப் பெண்மணி ஒருவர் நீதிமன்றப் படியேறினார். நியாயமான காலத்துக்குள் பிரதமர் இடைத்தேர்தல் நடத்தியே ஆகவேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சொன்னது அவரால்தான். ஆனால் அந்த நியாயமான காலம் தனித்தொகுதிக்காரர்களுக்கு மட்டும்தான் ஓடும் போலிருக்கிறது.

இதில் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புவது வேறொன்று. நாயகர் நாற்காலி 16 நாளில், ஆகஸ்ட் 2ஆம் தேதியே, நிரம்பிவிட்டது. நிரப்பியவரும் எங்கள் குழுத்தொகுதியில் எஞ்சிய நால்வரில் ஒருவர்தான்! நாங்கள் வாக்களித்து நிரப்பிய இடமோ, நாடாளுமன்றம் கலைக்கப்படும் வரை ஏறத்தாழ 21 மாதங்கள் காலியாகவே கிடந்தது. மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். நால்வரே போதுமென்றால் ஐவருக்கு வாக்குக் கேட்டு வந்தது ஏன்? சிறுபான்மையினருக்கு நாடாளுமன்றத்தில் இடம் உறுதியாக வேண்டும் என்று 1988இல் கொண்டுவந்த முறை இது என்பதை அறிவேன், அந்த நோக்கத்தை மதிக்கவும் செய்கிறேன். ஆனால் விலகியவரின் இடத்தைக் காலியாக விடுவதற்கும் அந்த நோக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று இதுவரை எவரும் எனக்கு விளக்கவில்லை.

சரி, பொதுத்தேர்தல் வரட்டும் என்று பொறுத்திருந்தேன். பெயர் மாறி மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் ஆன எங்கள் தொகுதியில், 2025 ஏப்ரல் 23ஆம் தேதி வேட்புமனுத் தாக்கலின்போது எதிர்த்து நிற்க ஒரு கட்சியும் வரவில்லை. நாடு முழுவதிலும் போட்டியின்றி முடிந்த ஒரே தொகுதி எங்களுடையதுதான். இதற்கு ஆளுங்கட்சியை மட்டும் ஏசிப் பயனில்லை, எதிர்க்கட்சிகளுக்கும் சேர்த்தே என் அர்ச்சனை.

மே 3ஆம் தேதி, நான்கு கட்சிகள் மோதிய தெம்பனிஸில் வாக்களித்துவிட்டு, என் தங்கை மகன் கைப்பேசியில் அழைத்தான். "மாமா, ஓட்டுப் போட்டாச்சா?" என்றான். நான் தாழ்வாரத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.