பொம்பிளையின்ர கணக்கில 50 லட்சம் தேவையில்லை

மேல ஒரு அண்ணை, "அமெரிக்காவில இருக்கிற மாப்பிள்ளையிட்ட விசா எடுத்துப் போறதெண்டால் பொம்பிளையின்ர வங்கிக் கணக்கில 50 லட்சம் காட்டோணும், கலியாண அல்பமும் இருந்தால் காணும்" எண்டு எழுதியிருக்கிறார். இரண்டும் பிழை அண்ணை. இதை நம்பித் தாலிக்கொடியை அடகு வைக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ.

பணப் பொறுப்பு முதல்ல கூப்பிடுறவருக்குத்தான், அதாவது மாப்பிள்ளைக்கு. வாறவவைப் பராமரிப்பன் எண்டு பொறுப்பேற்கிற ஐ-864 படிவத்தில அவர் கையெழுத்து வைச்சு, கடைசி வருசத்து வருமான வரிப் பத்திரத்தையும் சேர்க்கோணும். குடும்பத்தில எத்தினை பேரோ அதுக்குரிய அமெரிக்க அரசின்ர வறுமைக்கோட்டில 125 சதவீதமாவது வருமானம் இருக்கோணும். காணாட்டில், அங்க வசிக்கிற குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள இன்னொருவர் கூட்டுப் பொறுப்பாளரா வரலாம். சொந்தக்காரரா இருக்கவேண்டிய அவசியமில்லை. சேமிப்பு, சொத்து எல்லாம் வருமானம் குறைஞ்சால் மட்டுந்தான் பேச்சு. நேற்றுக் கடன் வாங்கிப் போட்ட காசு சந்தேகத்தைத்தான் கூட்டும்.

உறவு உண்மையெண்டு காட்ட அல்பம் மட்டும் காணாது. என்ர தங்கச்சி கொழும்புக்கு விசா நேர்முகத்துக்குப் போகேக்க கலியாண எழுத்துப் பதிவின்ர மூலப்பிரதி, மாப்பிள்ளை இங்க வந்து நிண்டதுக்கான பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்கள், காசு அனுப்பின துண்டுகள், மாசத்துக்கு ஒரு பக்கம் வாட்ஸ்அப் அழைப்பு விபரம் எல்லாம் கொண்டு போனவள். படம் பதினைஞ்சுதான். ஒவ்வொண்டின்ர பின்பக்கத்திலயும் பென்சிலால திகதியும் இடமும் எழுதினவள்: நல்லூர்த் தேர், கீரிமலை, அவரின்ர அம்மம்மா வீட்டு முற்றம். கூறைச் சேலைப் படம் இரண்டே இரண்டுதான் வைச்சவள்.