வானத்தையும் கல்லையும் சேர்த்துக் காட்டுங்கள்

மக்களை இயற்கையோடு இணைக்கிற நிகழ்ச்சி என்றாலே பெரும்பாலும் விடிகாலையில்தான் ஆரம்பிக்கிறது. பறவை பார்க்கப் போவது, மரம் நடுவது, நீர்நிலையைச் சுத்தம் செய்வது. எல்லாமே நல்ல வேலைகள். ஆனால் இயற்கையில் பாதி, சூரியன் மறைந்த பிறகுதான் நடக்கிறது. அந்தப் பாதியைக் கிட்டத்தட்ட கைகழுவிவிட்டோமே என்பது என்னை நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம்.

உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல், தாங்கள் வசிக்கும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது என்று 2016-இல் வெளியான ஒளிமாசு (செயற்கை விளக்குகளால் இரவு வானம் வெளுத்துப்போவது) வரைபடம் சொன்னது. 2023-இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் கவலை தருவது. 2011 முதல் 2022 வரை பல நாடுகளில் சாதாரண மக்கள் வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்துப் பதிவு செய்ததை வைத்துக் கணக்கிட்டார்கள். இரவு வானத்தின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டிக் கூடிக்கொண்டே போயிருக்கிறது. இதே வேகத்தில் போனால், 250 நட்சத்திரங்கள் தெரியும் இடத்தில் இன்று பிறக்கிற குழந்தைக்கு 18 வயதாகும்போது அங்கே 100 நட்சத்திரங்கள்தான் தெரியும். எல்இடி விளக்குகளின் நீல ஒளியைச் செயற்கைக்கோள்கள் சரியாகப் பிடிப்பதில்லை. அவை தவறவிட்டதை, வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் பிடித்துவிட்டார்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, இருட்டான இடத்துக்கு மக்களை அழைத்துப்போய் வானத்தைக் காட்டினால் போதுமா? போதாது என்றுதான் நினைக்கிறேன். வானம் அழகாக இருக்கிறது என்பார்கள், செல்போனில் ஒரு படம் எடுப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். மனதில் தங்குவது அழகு அல்ல, வயது. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தை நல்ல இருட்டில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், மங்கலான ஒரு திட்டாகத் தெரியும். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அது கிளம்பியபோது நம் இனமே பூமியில் இல்லை. கல்லை உடைத்துக் கருவி செய்யப் பழகிக்கொண்டிருந்த மூதாதையர்கள் ஆப்பிரிக்காவில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லிவிட்டுக் காட்டிப் பாருங்கள், யாரும் சட்டென்று கண்ணை எடுக்க மாட்டார்கள்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் வயது சுமார் பத்துக் கோடி ஆண்டுகள். சுறாக்கள் நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் இருக்கின்றன. அதாவது அந்த நட்சத்திரங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சுறா இருந்தது. சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு பால்வீதியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகள் ஆகும். ஏறத்தாழ ஒரு சுற்றுக்கு முன்புதான் முதல் டைனோசர்கள் தலைகாட்டின.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது பவளத்தின் கதை. பவளம் வளரும்போது நாளுக்கு ஒன்றாக மெல்லிய வரிகள் விழும். ஆண்டுக்கு ஆண்டு அந்த வளர்ச்சியில் ஒரு மாற்றமும் தெரியும். 1963-இல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், கிட்டத்தட்ட 40 கோடி ஆண்டுகள் பழைய பவளப் புதைபடிவங்களில் அந்த வரிகளை எண்ணிப் பார்த்தார். ஓர் ஆண்டுக்குச் சுமார் 400 வரிகள். ஆண்டின் நீளம் ஏறக்குறைய அதேதான், அதற்குள் நாட்கள் கூடுதல் என்றால் ஒவ்வொரு நாளும் சிறியது. அன்றைக்கு ஒரு நாள் என்பது ஏறக்குறைய 22 மணி நேரம்தான்! காரணம் நிலா. நிலா எழுப்பும் கடல் ஓதங்கள் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கங்கள்) பூமியின் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கின்றன, நிலாவும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. அப்பல்லோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து இதை இன்றும் அளக்கிறார்கள். வானத்தில் நடந்ததைக் கடலடியில் ஓர் உயிர் கல்லில் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கல்லை ஒரு சிறுமியின் கையில் கொடுத்துவிட்டு, தலைக்கு மேலே நிலாவைக் காட்ட வேண்டும். வானியல்காரர்கள் ஓர் அரங்கிலும் நிலவியல்காரர்கள் வேறோர் அரங்கிலும் பேசிக்கொண்டிருந்தால் இது நடக்காது. இரண்டு பேரும் ஒரே மைதானத்தில் நிற்க வேண்டும்.

இந்த மாதிரிக் கூட்டங்களில் சிலர், இவ்வளவு பெரிய அண்டத்தில் நீ ஒரு தூசி என்று முடிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தூசிக்கு என்ன பொறுப்பு இருக்க முடியும்? தலைமுறை தலைமுறையாக நிற்கிற ஒரு பழைய வீட்டுக்குக் கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளைகள் நாம். வந்த வேகத்தில் சுவரை இடிக்கக் கூடாது. ஊர் எல்லையில் கிடக்கிற பாறைக்குப் பல கோடி வயது என்று தெரிந்தவர்கள், அதை வெறும் ஜல்லியாகப் பார்க்க ஒரு நிமிடமாவது தயங்குவார்கள் என்று நம்புகிறேன்.

அப்புறம், யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் (இரவின் இருட்டைக் காப்பதற்கென்றே ஒதுக்கிய பகுதி) அமைத்தபோது, சுற்றியுள்ள கிராமத்து மக்களுக்கே பயிற்சி கொடுத்துத் தொலைநோக்கிகளைக் கையில் கொடுத்தார்கள். அவர்களில் நிறையப் பேர் பெண்கள். வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுவது அவர்கள்தான், அதில் வருமானமும் உண்டு. இருட்டைக் காப்பாற்றச் சொல்லி அவர்களிடம் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. வெளியூர் நிபுணர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகிற ஏற்பாட்டை விட இது எவ்வளவோ மேல். அந்தந்த ஊரில் மீன்பிடிப்பவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் ஏற்கெனவே வானத்தைப் படித்தவர்களாக இருக்கலாம். முதலில் அவர்களைப் பேசவிட வேண்டும்.

தொலைநோக்கி இல்லையே என்று தயங்க வேண்டாம். வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் பார்ப்பதை விட, எல்லோரும் பாயில் படுத்து மேலே பார்ப்பது நல்லது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும், நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

விளக்கைக் குறைத்தால் பாதுகாப்பு என்னாவது என்ற கேள்வி எப்போதும் வரும், வர வேண்டிய கேள்விதான். இரவில் தனியாக நடந்து போகிற பெண்ணுக்குப் பாதை தெரிந்தாக வேண்டும். ஆனால் வானத்தை நோக்கிப் போகிற வெளிச்சம் அவளுக்கு உதவுவதில்லை, கண்ணில் நேராக அடிக்கிற வெளிச்சமோ நிழலில் நிற்பவனை மறைத்துவிடுகிறது. மேலே மூடி போட்டு, தரையை மட்டும் பார்க்கிற, மஞ்சள் சாயலுள்ள விளக்கு போதும். கடலைத் தேடி ஓடவேண்டிய ஆமைக் குஞ்சுகள் கரைப்பக்க வெளிச்சத்தைப் பார்த்து வழிதவறுவதும் அதனால் குறையும். உங்கள் பகுதியில் அடுத்து தெருவிளக்கு மாற்றும்போது எத்தனை வாட் என்று கேட்பதோடு நிறுத்தாமல், வெளிச்சம் எந்தப் பக்கம் போகும், என்ன நிறம், நள்ளிரவுக்குப் பிறகு குறைக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.