ஜட்ஜ் ஏன் கேள்வி கேட்கவில்லை என்று கேட்பவர்களுக்கு

மூன்று நாளாக அந்த வீடியோவைத்தான் எல்லோரும் பகிர்கிறீர்கள். எந்த வழக்கு என்று நான் எழுத வேண்டியதில்லை, வேலூரில் எல்லோருக்கும் தெரியும்: ஒரு கொலை வழக்கு, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலையாகிவிட்டார். சத்துவாச்சாரி கோர்ட் வாசலில் நின்று அந்தத் தம்பி பேசுகிறார்: எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியைக் குழப்பிவிட்டார், ஜட்ஜ் வாயே திறக்கவில்லை, வெளிநாடாக இருந்தால் ஒரே வாரத்தில் தண்டனை கொடுத்திருப்பார்கள் என்று. அதற்கு நான் இரண்டு வரி பதில் போட்டேன். "எவ்வளவு வாங்கினே?" என்று கேட்டுவிட்டீர்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவர்கள். நானும் வக்கீல்தான், ஆனால் அந்த வழக்கில் நான் எந்தப் பக்கமும் ஆஜராகவில்லை. வலித்தது, சொல்லிவிடுகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விடுதலைக்குக் காரணம் குறுக்கு விசாரணை, அதாவது எதிரியின் வக்கீல் சாட்சியிடம் கேட்ட கேள்விகள், அல்ல. காவல் நிலையத்தில் எழுதிய வாக்குமூலம்.

நம் நாட்டில் சாட்சியைப் போலீஸ் விசாரித்து எழுதுவது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 180-ஆவது பிரிவில் வருகிறது. பழைய சட்டத்தில் அது 161. அதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. அது சாட்சியமும் அல்ல. சாட்சி கூண்டில் ஏறிச் சொல்வதுதான் சாட்சியம். 180 வாக்குமூலத்தின் முக்கியமான பயன், கூண்டில் சொல்வதும் அங்கே சொன்னதும் மாறுகிறதா என்று பார்ப்பது. ஆனால் அந்தக் காகிதம் எப்படித் தயாராகிறது? ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) கேட்கிறார், ஸ்டேஷன் ரைட்டர் எழுதுகிறார் அல்லது டைப் அடிக்கிறார். குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு அம்மா "நான் மேற்படி விலாசத்தில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்" என்று பேசுவாரா? அவர் பேரில் அப்படித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர், டீக்கடைக்காரர், எல்லோருடைய வாக்குமூலமும் அதே வாக்கியத்தில், அதே எழுத்துப் பிழையோடு இருக்கும். யார் எந்தக் கையில் எதை வைத்திருந்தார், தெருவிளக்கு எரிந்ததா, சாட்சி எத்தனை அடி தள்ளி நின்றார் என்பது இருக்காது.

வருடங்கள் கழித்து அந்த அம்மா கூண்டில் ஏறுகிறார். பி.பி. (அரசு வழக்கறிஞர்) முதல் விசாரணையில் கேட்கும்போது "எதிரி இரும்புக் கம்பியால் தலையில் அடித்தார்" என்று உண்மையைச் சொல்கிறார். குறுக்கு விசாரணையில் வக்கீல் நிதானமாகக் கேட்கிறார்: "இரும்புக் கம்பி என்று போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை என்றால்?" அம்மா, "சொன்னேன்யா, அவங்க எழுதல" என்கிறார். டைப்பிஸ்ட் கோர்ட் பாஷையில் அடிப்பது: "சொல்லவில்லை என்றால் சரியல்ல." அதாவது, சொன்னேன் என்கிறார். அதோடு முடியவில்லை. கடைசியில் ஐ.ஓ. கூண்டில் ஏறும்போது அதே கேள்வி அவரிடம் போகும்: "அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) உங்கள் விசாரணையில் இரும்புக் கம்பி என்று குறிப்பிடவில்லை என்றால் சரிதானே?" ஐ.ஓ. காகிதத்தைப் பார்த்து, "சரிதான்" என்பார். முக்கியமான விஷயத்தில் விடுபடலும் முரண்பாடாகலாம் என்று சட்டமே சொல்கிறது. 1959-ல் தஹசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக அலசியிருக்கிறது. உண்மை சொன்ன அம்மாவைப் பொய்க்காரியாக்கியது எழுதாமல் விட்ட ஒரு வரி. வக்கீல் அந்த ஓட்டையில் விரல் வைத்துக் காட்டினார். ஓட்டை போட்டவரைக் கேட்க வீடியோவில் யாருக்கும் தோன்றவில்லை.

"ஜட்ஜே கேட்டிருக்கலாமே" என்கிறீர்கள். கேட்கலாம். சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 168-இல் (பழைய 165) எந்தச் சாட்சியிடமும் எந்தக் கேள்வியும் கேட்க அவருக்கு அதிகாரம் உண்டு. சன்ஹிதா 348-இல் புதிய சாட்சியை வரவழைக்கலாம், பழைய சாட்சியைத் திரும்ப அழைக்கலாம். நீதிபதி வெறும் பதிவு இயந்திரமாக உட்காரக் கூடாது என்று 1981-லேயே ராம் சந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு, அவர் வழக்கு நடத்துகிறவராக மாறிவிடக் கூடாது என்றும் சொல்கிறது. ஜட்ஜ் கேட்டாலும் அந்த அம்மா "அவங்க எழுதல" என்றுதான் சொல்லியிருப்பார். ஐ.ஓ. "சரிதான்" என்றுதான் சொல்லியிருப்பார். எழுதாத வரியை ஜட்ஜ் எங்கிருந்து கொண்டுவருவார்?

ஜெர்மனியை உதாரணம் காட்டுகிறீர்கள். காட்டுவதென்றால் முழுசாகக் காட்டுங்கள். அங்கே வழக்கு விசாரணைக்குத் தலைமை தாங்கும் நீதிபதி கோப்பை முழுதும் படித்துவிட்டு வந்து, சாட்சியை முதலில் தானே விசாரிக்கிறார். மற்றவர்கள் கேள்வி அதற்குப் பிறகுதான். பெரிய வழக்கில் தொழில்முறை நீதிபதிகளோடு பொதுமக்களில் இரண்டு பேர் உட்கார்ந்து, குற்றவாளியா இல்லையா என்று சேர்ந்து வாக்களிக்கிறார்கள், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆனால் அந்தக் கோப்பு எப்படிப்பட்டது? அங்கே அரசு வழக்கறிஞர் எதிரிக்குச் சாதகமான ஆதாரத்தையும் தேடியாக வேண்டும், அது சட்டக் கடமை. பிரான்சில் கொலை மாதிரி பெரிய குற்றம் என்றால் விசாரணைக்கே தனி நீதிபதி, அவரும் இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும், அது மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் போகும். அங்கே ஜட்ஜ் கேள்வி கேட்க முடிகிறது என்றால், முதல் கட்டத்திலேயே அவ்வளவு உழைப்பு கோப்புக்குள் போயிருக்கிறது. நம் ஸ்டேஷன் காகிதத்தை அந்த ஜட்ஜ் கையில் கொடுத்தால் அவருக்கும் நம் ஜட்ஜுக்குக் கிடைத்ததுதான் கிடைக்கும். முதல் நாளே தப்பான கோப்பைப் படித்து ஒரு முடிவோடு உட்கார்ந்துவிட்டால் இன்னும் மோசம்.

ஜூரி, அதாவது பொதுமக்களே கூடி முடிவு சொல்லும் முறை, கேட்டவர்களுக்கு: நம்மிடம் இருந்தது. 1959-ல் பம்பாயில் நானாவதி கொலை வழக்கில் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று குற்றமில்லை என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே தண்டனை வந்தது, 1961-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் ஜூரி காரணம் எழுதுவதில்லை. குற்றமில்லை என்று சொல்லிவிட்டால் அரசு அப்பீல் போக முடியாது, அதோடு முடிந்தது. அங்கே பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே வருவதில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரத்தில் முடிகின்றன. நீங்கள் கேட்கும் அமெரிக்காவில் இந்த விடுதலைதான் கடைசி வார்த்தையாக இருந்திருக்கும்.

சவூதி என்று எழுதியவர்களில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் தம்பிகள் நிறைய. உங்கள் வீட்டுப் பிள்ளைகளே அங்கே இருக்கிறார்கள். அங்கே கொலை வழக்கில் பழிக்குப் பழி கேட்பதும், ரத்தப் பணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பதும் இறந்தவரின் வாரிசுகள் உரிமை. 2006-லிருந்து ரியாத் சிறையில் கிடந்த கேரளத்துக்காரர் ஒருவருக்காக 2024-ல் 34 கோடி ரூபாய் திரட்டினார்கள், நினைவிருக்கிறதா? ஒரு வாரத்தில் முடிந்த வழக்கா அது? நம் சட்டத்தில் கொலையைக் காசு கொடுத்துச் சமாதானம் செய்ய முடியாது. ஏழை செத்தாலும் வழக்கு அரசுடையது.

"போலீஸ் அடித்து வாங்கும் ஒப்புதலை ஏற்றுக்கொண்டால் போச்சு" என்று ஒருவர். அதையும் இந்த மண் பார்த்துவிட்டது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் எஸ்.பி. முன் கொடுத்த ஒப்புதல் செல்லும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை கொடுத்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. மரண தண்டனை உறுதியானவர்கள் இருந்தது நம் வேலூர் தொரப்பாடி சிறையில். பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டுவிட்டுப் பிறகு விடுவித்திருக்க முடியுமா?

வக்கீல்கள் சாட்சியை அவமானப்படுத்துகிறார்களே என்பது நியாயமான குறை. ஆபாசமான, இழிவுபடுத்தும் கேள்வியை நீதிபதி தடுக்கலாம், தடுக்க வேண்டும். சிலர் தடுப்பதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் இதற்கு நேரடி வழி வைத்திருக்கிறார்கள்: 33(2) பிரிவுப்படி பி.பி.யும் எதிரி வக்கீலும் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் குழந்தையிடம் கேட்பார். குழந்தை எதிரியைப் பார்க்காதபடியும் ஏற்பாடு வேண்டும். அங்கே குறுக்கு விசாரணை இல்லாமல் போகவில்லை, கேட்கும் குரல்தான் மாறியது. பெரியவர்களில் பயந்த சாட்சிகளுக்கும் இப்படி ஏதாவது வேண்டும் என்றால் நானும் உங்களோடு வருகிறேன்.

வாய்தா பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒளித்தேன் என்பீர்கள். இன்று முதல் விசாரணை, பல மாதம் கழித்துக் குறுக்கு விசாரணை என்பது அநியாயம். இடைவெளியில் சாட்சி வீட்டுக்கு ஆள் போகிறது, சாட்சி பிறழ்சாட்சியாக, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்கிறவராக, திரும்பி வருகிறார். வினோத் குமார் வழக்கில் இருபது மாத இடைவெளியைப் பார்த்து 2015-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. சாட்சி விசாரணை தொடங்கினால் அன்றாடம் நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இதில் எங்கள் தொழில்காரர்கள் தவறும் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கு விழுந்தது வாய்தாவில் அல்ல. வாக்குமூலத்தில்.

சரி, அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால் கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் விடுதலையை எதிர்த்து அப்பீல் போகலாம், சன்ஹிதா 413. அரசு போனாலும் போகாவிட்டாலும் இது தனி உரிமை. செஷன்ஸ் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். முதலில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும், கூடவே அ.சா.1 மற்றும் ஐ.ஓ.வின் சாட்சிய நகல்களும். இறந்தவரின் மனைவிக்குப் பெண் என்ற ஒரே காரணத்தாலேயே வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வீடியோ எடுத்த தம்பி அந்த அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு வரட்டும். மனு எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன், பைசா வாங்க மாட்டேன்.