டிசம்பர் குளிருக்குச் சூரியனின் தூரம் காரணமில்லை

"டிசம்பர் 21 அன்று பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகிறது, கடும் குளிர் வரும், குழந்தைகளை வெளியே விடாதீர்கள்" என்று பாலக்காட்டுப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. உண்மை நேர் எதிர். ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. மிகத் தொலைவுக்குப் போவது ஜூலையில். தூரம்தான் காரணம் என்றால் ஆஸ்திரேலியாவில் டிசம்பர் எப்படிக் கோடையாகும்?

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. டிசம்பர் 21 அன்று வடபாதி சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான். பாலக்காட்டில் உச்சிவேளையிலும் சூரியன் 56 டிகிரிதான் ஏறும். பகல் பதினொன்றரை மணி நேரமாகக் குறையும். முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டுப் பாருங்கள்: 12.20 மணி வாக்கில் வடக்கே சுமார் 68 சென்டிமீட்டர் நிழல் விழும். குழந்தைகளையே அளக்கச் சொல்லுங்கள், பயமில்லாமல் வெளியே வரட்டும்.